மறுவும் மருவும்

தமிழ் நெடுங்கணக்கில் ஒலியால் அண்டை வீட்டாராகவும் பொருளால் அயல்நாட்டாராகவும் விளங்குவன ரகரமும் றகரமும். மரம் வேறு, மறம் வேறு. கரி வேறு, கறி வேறு. இரை வேறு, இறை வேறு. இவற்றை மாணவர் வகுப்பிலே கற்கின்றனர். தேர்விலும் பெரும்பாலும் பிழையின்றி எழுதுகின்றனர். ஆனால், தம் உடம்பிலேயே நாள்தோறும் காணும் ஒன்றைப் பற்றி எழுத நேரும்போது கற்றவரும் தயங்குகின்றனர். கழுத்திலும் விரலிலும் சிறு முளையாக எழும்புவது மருவா, மறுவா? கன்னத்திலே கரும்புள்ளியாக அமைந்திருப்பது மறுவா, மருவா? வாழ்த்து மடலில் "மாசு மறுவற்ற" என்று எழுதுவதா, "மாசு மருவற்ற" என்று எழுதுவதா?

இஃது எழுத்துப் பிழை பற்றிய சிறு வினா மட்டுமன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டால் பழைய நூல்களின் பொருள் மயங்கும். உடம்பைப் பற்றிய பேச்சிலோ, மயக்கம் உடல்நலத்தையே கெடுக்கவும் கூடும். ஆதலின், இச்சொற்கள் நிற்கும் இடங்களை ஒருமுறை தெளிவாக அறிந்துகொள்ளுதல் தமிழாசிரியர்க்குப் பயன் தருவதாகும்.

மறு: இலக்கியம் காட்டும் பொருள்

வல்லின றகரம் பெற்ற மறு என்னும் சொல் தொன்மையானது. புள்ளி, கறை, குற்றம், அடையாளம் என்பன அதன் பொருள்கள். திருக்குறளில் இச்சொல் வரும் இரண்டு இடங்களை எண்ணிப் பார்த்தால் அதன் இயல்பு விளங்கும். குடிமை என்னும் அதிகாரத்திலே, நற்குடியிற் பிறந்தாரிடம் காணும் குற்றத்திற்கு வானத்து மதியில் தோன்றும் மறுவை உவமையாக்குகிறார் வள்ளுவர். உயர்ந்த இடத்தில் இருப்பதால் சிறு கறையும் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது என்பது கருத்து. காமத்துப்பாலில், நலம்புனைந்துரைத்தல் என்னும் அதிகாரத்திலோ, தேய்ந்து வளரும் மதிக்கு மறு உண்டு, இவள் முகத்தில் அஃது உண்டோ என்று தலைவன் வினவுகிறான். இரண்டு இடத்தும் மறு என்பது திங்களின் மேனியிலே படிந்து கிடக்கும் நிறவேறுபாடே அன்றி, எழும்பி நிற்கும் முளை அன்று.

இன்றைய வானநூலும் இதற்கு அரண் செய்கிறது. திங்களிலே கருமையாகத் தோன்றும் பகுதிகள், பண்டைக் காலத்தில் எரிமலைக் குழம்பு பரவி இறுகியதால் உண்டான சமவெளிகள். அவற்றைச் சூழ்ந்திருக்கும் மேட்டு நிலமே வெண்மையாக ஒளிர்கிறது. நம் முன்னோர் மறு என்று பெயரிட்ட இடம் உண்மையிலேயே தட்டையான நிலம்!

மறு என்பது எப்போதும் குற்றத்தையே குறிக்கும் என்று கொள்ளுதலும் கூடாது. திருமாலின் மார்பில் உள்ள அடையாளத்தைத் திருமறு என்று வழங்குவது தமிழ் மரபு. அங்கே மறு சிறப்பின் சின்னமாகிறது. அடையாளம் என்பதே அடிப்படைப் பொருள்; அது பழியாவதும் புகழாவதும் இடத்தைப் பொறுத்தது.

மாசற்ற, மறுவற்ற

இலக்கணம் கற்பிப்பார்க்கு இச்சொல்லிலே நல்லதொரு பாடம் அடங்கியிருக்கிறது. மாசு என்பதும் உகரத்தில் முடிகிறது; மறு என்பதும் உகரத்தில் முடிகிறது. ஆயினும் மாசு + அற்ற என்பது மாசற்ற என்றாகிறது. மறு + அற்ற என்பது மறுவற்ற என்றாகிறது. ஏன்?

மாசு என்பதில் நெட்டெழுத்தைத் தொடர்ந்து வரும் ஈற்று உகரம் குற்றியலுகரம். உயிர் வந்தால் அது மெய்யை விட்டு ஓடும். மறு என்பதில் தனிக்குறிலைத் தொடர்ந்து வரும் உகரம் முற்றியலுகரம். அது தன் இடத்தை விட்டு அகலாது. ஆதலின் இடையிலே வகரம் உடம்படுமெய்யாகத் தோன்றுகிறது. மறுவில்லை, மறுவுடைய, மறுவை என வருவன யாவும் இவ்வாறே. மரு, பரு என்னும் சொற்களும் இந்த முறையே பெறும். அவை பன்மை விகுதி பெறும்போது வலி மிகுந்து மருக்கள், பருக்கள் என்றாகும்.

மாசும் மறுவும் அற்ற என்பதே மாசுமறுவற்ற என்னும் தொடரின் விரி. இதனை இடையின ருகரம் இட்டு எழுதினால் நேரும் விபரீதத்தை அடுத்த பகுதி காட்டும்.

மரு: மணமும் முளையும்

இடையின ரகரம் பெற்ற மரு என்னும் சொல்லுக்கு நூல்களிலே மிகுதியும் காணும் பொருள் மணம். மருக்கொழுந்து என்னும் பெயரை அறியாதார் இல்லை. மருவு என்னும் வினைக்குச் சேர்தல், தழுவுதல், கலத்தல் என்பன பொருள். இலக்கிய வரலாறு கற்பிக்கும் ஆசிரியர் சங்கம் மருவிய காலம் என்று சொல்வது, சங்க காலத்தை அடுத்துச் சேர்ந்த காலம் என்னும் பொருளிலேயே. தஞ்சாவூர் தஞ்சை என்று வழங்குவதை மரூஉ என்று இலக்கணம் கூறுவதும் இச்சொல்லின் வழியே வந்தது.

இனி, மாசு மருவற்ற அன்பு என்று ஒருவர் எழுதினால் என்ன பொருள்படும்? மாசும் இல்லை, மணமும் இல்லை என்று பொருள்படும்! வாழ்த்த வந்தவர் வசை பாடியவர் ஆகிவிடுகிறார். அச்சிட்ட அழைப்பிதழ்களிலும் இரங்கற் செய்திகளிலும் இப்பிழை தலைகாட்டுவதால், இதனை மாணவர்க்கு எடுத்துக் காட்டுதல் நலம்.

தோலின் மேல் தோன்றும் சிறு சதை முளையையும் மரு என்றே இன்று பெரும்பாலோர் எழுதுகின்றனர். மருத்துவக் கட்டுரைகளிலும் நலத்துறைத் துண்டு வெளியீடுகளிலும் இவ்வழக்கே மிகுதி. மறு என்பது உடலில் உள்ள எந்த அடையாளத்தையும் குறிக்கலாம், ஆகவே முளையையும் மறு என்று எழுதுதல் தவறன்று என்பாரும் உளர். அவர் கூற்றை முழுதும் தள்ளிவிட முடியாது. மறு என்பதன் பொருட்பரப்பு அத்துணைப் பெரிது. ஆனால், இரு வேறு பொருளுக்கு இரு வேறு வடிவம் வழக்கிலே கிடைத்திருக்கும்போது அதனைப் பேணிக்கொள்வதே மொழிக்கு ஆக்கம்.

நம் அண்டை மொழிகளும் இப்பிரிவைப் போற்றுகின்றன. மலையாளத்தில் உடலிலுள்ள கரும்புள்ளிக்கு மறுகு என்று பெயர். முளைக்கு அரிம்பாற என்பது வேறு பெயர். தெலுங்கில் பிறவிப் புள்ளி புட்டுமச்ச, முளை புலிப்பிரி. தோட்ட மக்கள் அன்றாடம் செவிமடுக்கும் மலாய் மொழியிலும் இப்பிரிவு உண்டு. சுங்கை புரோங், தஞ்சோங் காராங் பக்கத்து மலாய்க்காரர் கன்னத்துப் புள்ளியைத் தாஹி லாலாட் என்பர். ஈயின் எச்சம் என்பது அதன் சொற்பொருள். விரலில் எழும் முளையையோ கெத்துவாட் என்பர். ஈ இட்டது தட்டையாகத்தானே இருக்கும்!

மச்சம்: பழியா, பேறா?

மறு என்பதற்கு இணையாகப் பேச்சில் வழங்குவது மச்சம். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதற்கு உறவுச் சொற்கள் உண்டு. மீனைக் குறிக்கும் மச்சம் வடமொழியிலிருந்து வந்த வேறு சொல். இலங்கைத் தமிழர், மச்சம் உண்பதில்லை என்று சொன்னால் புலால் உண்பதில்லை என்று பொருள். தோட்டத்துப் பிள்ளைக்கு இது வேடிக்கையாகத் தோன்றலாம்.

மறுவும் மச்சமும் ஒரே புள்ளியைக் குறித்தாலும், மக்கள் மனத்திலே அவை எதிரெதிர்த் திசையிற் சென்றன. மறு குற்றத்தின் பக்கம் சாய்ந்தது. மச்சம் நற்பேற்றின் பக்கம் சாய்ந்தது. எதிர்பாராத நன்மை பெற்றவனை மச்சக்காரன் என்கிறோம். மச்சம் இருக்கும் இடத்தைக் கொண்டு பலன் சொல்லும் வழக்கமும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. உடலறிவியல் நோக்கில் மச்சம் என்பது தோலுக்கு நிறம் தரும் அணுக்கள் ஓரிடத்தில் திரண்டிருப்பதே. அது செல்வமும் தராது, சிறுமையும் தராது.

ஆனால், ஒரு பயன் அதற்கு உண்டு. மச்சம் எளிதில் மறைவதில்லை. ஆதலால் ஒருவரை இன்னார் என்று அறிவதற்கு அது சான்றாயிற்று. தமிழகத்து ஆவணங்களிலே அங்க மச்ச அடையாளம் என்னும் தொடர் இன்றும் வழங்குகிறது. 1860 முதல் நேட்டாலுக்கும் 1879 முதல் பிஜித் தீவுகளுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக ஏற்றிச் செல்லப்பட்ட இந்தியரின் பதிவுகளிலும் உடல் அடையாளங்களுக்கென ஓர் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பெயரைத் தவறாக எழுதினாலும் மச்சமும் தழும்பும் ஆளைக் காட்டிக் கொடுக்கும் என்பது அதிகாரிகளின் கணக்கு. மருவோ, சில திங்களில் தோன்றிச் சில ஆண்டில் தானே உதிர்ந்துபோகவும் கூடும். அதனை அங்க அடையாளமாக எழுதுவது நீர்மேல் எழுத்தாகும்.

பாலுண்ணி

முளைக்கு வழங்கும் மற்றொரு பெயர் பாலுண்ணி. பழைய அறிவியல் நூல்களிலே இச்சொல் தாயின் பாலை உண்டு வளரும் விலங்கினத்தையும் குறித்தது. இன்று அவ்விடத்தைப் பாலூட்டி என்னும் சொல் ஏற்றுக்கொண்டது. தாவர உண்ணி, மாமிச உண்ணி, அனைத்துண்ணி என்று பாடநூலிலே படிக்கும் மாணவன், பாலுண்ணி என்றால் பால் குடிக்கும் உயிர் என்று எண்ணுவது இயல்பே. இரண்டு பொருளையும் ஆசிரியர் விளக்கிவிட்டால் குழப்பம் நீங்கும்.

பேச்சு வழக்கிலே எல்லா மருவையும் பாலுண்ணி என்பதுண்டு. ஆயினும் சிறுவர் உடம்பிலே முத்துப்போல் மினுமினுப்பாக, நடுவிலே சிறு குழியுடன் தோன்றும் ஒருவகை முளைக்கே அப்பெயர் மிகவும் பொருந்தும். அதனை அழுத்தினால் வெண்ணிறமான, தயிர்க்கட்டி போன்ற பொருள் வெளிப்படும். இதனை 1817இல் ஆங்கில மருத்துவர் தாமஸ் பேட்மன் விவரித்தார். அம்மை நோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த ஒரு வைரஸ் இதற்குக் காரணம். சொரசொரப்பான மருவுக்கோ பாப்பிலோமா வைரஸ் என்னும் வேறு இனம் காரணம். பெரியவர்களின் கழுத்திலும் அக்குளிலும் காம்புடன் தொங்கும் மென்மையான முளைகள் மூன்றாவது வகை. அவை பிறருக்குத் தொற்றுவதில்லை.

செவி பிரிக்காத வேறுபாடு

இத்துணை வேறுபட்ட சொற்களை எழுத்திலே மயக்குவதற்குக் காரணம் என்ன? செவிதான். தொல்காப்பியம் பிறப்பியலிலே றகரத்திற்கு நாவின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை ஒற்ற வேண்டும் என்றும், ரகரத்திற்கு வருடினால் போதும் என்றும் வேறுபடுத்துகிறது. ஒற்றுதல் அழுத்தமான செயல். வருடுதல் மெல்லிய செயல். மலையாளத்திலும் குமரி மாவட்டத்துப் பேச்சிலும் இவ்வேறுபாடு இன்றும் கேட்கிறது. மலாயாத் தோட்டங்களுக்கு வந்த தமிழருட் பெரும்பாலோர் ஆற்காடு, சேலம், திருச்சி, தஞ்சை ஆகிய மாவட்டத்தார். அம்மாவட்டங்களின் பேச்சிலே இரண்டு ஒலியும் ஒன்றாகிவிட்டன. ஆகவே கோலசிலாங்கூர்த் தோட்டத்துப் பள்ளியிலே படிக்கும் பிள்ளை, வீட்டில் கேளாத வேறுபாட்டை எழுத்திலே காட்ட வேண்டியவனாகிறான். அவனைச் சோம்பேறி என்று கடிவதில் நியாயம் இல்லை; செவி உதவாத இடத்தில் நினைவுக்கு ஊன்றுகோல் தர வேண்டும்.

அத்தகைய ஊன்றுகோல் ஒன்று இச்சொற்களிலேயே இருக்கிறது. தோலில் மேடாக எழுவனவற்றை நோக்குக: முகத்தில் வருவது பரு, வெயிலால் வருவது வேர்க்குரு, விரலில் வருவது மரு. மூன்றும் இடையின ருகரம். இனி, படிந்து கிடப்பனவற்றை நோக்குக: மறு, கறை. இரண்டும் வல்லின றகரம். எழுந்தால் ரு, படிந்தால் று என்று நான்கு சொல்லில் அடக்கிவிடலாம். இது சொற்பிறப்பு விதி அன்று. சிரங்கும் சொறியும் இதற்குள் அடங்கா. நினைவிற் கொள்ளுதற்கு உரிய எளிய வழி, அவ்வளவே.

மருத்துவம் கூறுவது

சொற்பிழை உடற்பிழையாக மாறும் இடம் இனி வருவது. மருவை நீக்குவதற்கு நம் மக்களிடையே பல கைவைத்தியங்கள் உண்டு. அம்மான் பச்சரிசிச் செடியின் பாலைத் தடவுவார். குதிரை மயிரால் இறுகக் கட்டுவார். சுண்ணாம்பும் சலவைச் சோடாவும் குழைத்துச் சுட்டுவிடுவார். வைத்தீசுவரன் கோயிலிலே உப்பும் மிளகும் காணிக்கையாகச் செலுத்துவாரும் உளர். மருக்களுட் பல இரண்டு ஆண்டுக்குள் தாமே மறைந்துபோவதால், எதைச் செய்தவர்க்கும் அது பலித்ததாகவே தோன்றும்.

காணிக்கையால் தீங்கில்லை. சுண்ணாம்பு அப்படிப்பட்டதன்று. அது நல்ல தோலையும் சேர்த்து எரிக்கும். நீரிழிவு உடையவர்க்கு ஆறாத புண்ணாகும். அதனினும் பெரிய கேடு, மறுவை மருவென்று எண்ணிச் சுடுவது. மச்சங்களுட் சில சற்று மேடாகவும் இருக்கும். ஆகவே கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்தல் தகாது. மச்சத்தின் நிற அணுக்களிலே அரிதாகப் புற்றுநோய் தோன்றுவதுண்டு. ஒரு பாதிபோல் மறுபாதி இல்லாமை, ஓரம் ஒழுங்கற்றிருத்தல், பல நிறம் கலந்திருத்தல், 6 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாதல், நாளடைவில் மாறிக்கொண்டே வருதல் ஆகிய ஐந்தும் அதன் எச்சரிக்கைகள். கருநிற மேனியருக்கு இந்நோய் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் தோன்றுவது குறிப்பிடத்தக்கது. ஜமைக்கா நாட்டுப் பாடகர் பாப் மார்லி கால்விரல் நகத்தின் கீழ்த் தோன்றிய இத்தகைய புற்றினால் 1981இல், 36ஆம் வயதில் மறைந்தார். இப்படிப்பட்ட ஒன்றை மருவென்று கருதிச் சுட்டுவிட்டால், மருத்துவர் பார்க்க வேண்டிய அடையாளமே அழிந்துபோகிறது. நோயோ உள்ளே வளர்கிறது.

உள்ளங்காலிலே வேறொரு மயக்கமும் உண்டு. நடக்கும்போது உடற்பாரம் அழுத்துவதால் அங்கே மரு வெளியே எழாமல் உள்நோக்கி வளரும். அதனைக் காலாணி என்று எண்ணிப் பிளேடால் சீவுவார் பலர். மருவாயின் சீவிய இடத்திலே சிறு கரும்புள்ளிகள் தென்படும். அவை அடைபட்ட நுண்ணிய இரத்தக் குழாய்கள். அந்தப் பிளேடு வீட்டிலுள்ள மற்றவர்க்கும் மருவைக் கொண்டு சேர்க்கும்.

மற்றொன்று பள்ளிகளோடு நேரே தொடர்புடையது. மலேசியாவில் 2010 முதல் படிவம் ஒன்று மாணவியருக்குப் பாப்பிலோமா வைரஸ் தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. இவ்வைரஸ் இனத்தில் இருநூற்றுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. விரலில் மருவை உண்டாக்குவன வேறு. கருப்பைவாய்ப் புற்றை உண்டாக்குவன வேறு. பின்னதில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு 16, 18 என எண்ணிட்ட இரு வகைகளே காரணம். இவ்வைரசுக்கும் அப்புற்றுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ஜெர்மானிய அறிஞர் ஹரால்டு சூர் ஹௌசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். தடுப்பூசியை மருவுக்கான ஊசி என்று ஒருவர் மொழிபெயர்த்துச் சொன்னால், தன் மகளுக்கு மருவே இல்லையே, ஊசி எதற்கு என்று தாய் மறுத்துவிடக்கூடும். கருப்பைவாய்ப் புற்றைத் தடுக்கும் ஊசி என்று சொல்லுதலே சரி. ஒரு சொல்லின் தேர்வு ஓர் உயிரின் காப்பாகும் இடம் இது.

வகுப்பறையில் செய்யத்தக்கது

மருத்துவத்தைத் தமிழில் எடுத்துச் சொல்லும் முயற்சி புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், தமிழ் மாணவருக்குத் தமிழிலேயே மேலை மருத்துவம் கற்பித்து, அதற்கான நூல்களையும் சொற்களையும் ஆக்கித் தந்தார். அயல்நாட்டார் ஒருவர் தமிழ்ச் சொல்லின் வரையறைக்கு அத்துணை உழைத்திருக்க, தமிழர் இருக்கும் சொல்லை மயங்க எழுதுதல் தகாது.

ஆகவே ஆசிரியர் சிலவற்றை மாணவர் மனத்திற் பதிய வைக்கலாம். தோலில் படிந்த நிறப்புள்ளி மறு அல்லது மச்சம். அது தொற்றாது, மாறினால் மருத்துவரிடம் காட்டுக. தோலில் எழுந்த முளை மரு அல்லது பாலுண்ணி. அவற்றுட் பல தொடுதலால் தொற்றும். துவாலையும் பிளேடும் பொதுவாக வழங்கற்க, கிள்ளற்க, சுடற்க. மரு உள்ள பிள்ளையைப் பள்ளிக்கு வராதே என்று விலக்குவதும், மச்சம் உள்ள பிள்ளையைத் தீண்டாது ஒதுக்குவதும் அறியாமை. மரு உடையவரைப் பெயரிட்டு நகைத்தல் குழந்தைகளிடையே உண்டு. அதனை முளையிலேயே களைதல் ஆசிரியர் கடன்.

உடம்பிலே மறு இருப்பது குற்றமன்று. மரு எழுவது இழிவுமன்று. எழுத்தில் ஒன்றை ஒன்றாக எழுதுவதே பிழை. கரும்பலகையிலே மறு, மரு என்னும் இரண்டு சொற்களை அருகருகே எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு வாக்கியம் அமைக்கச் சொன்னால் ஒரு பாடவேளைக்குள் பிள்ளைகள் இதனைத் தெளிவர். அன்று மாலையே வீட்டாருக்கும் எடுத்துச் சொல்வர்.